நான் நல்லது என்று சொன்ன வேன்

கராஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

நீங்கள் ஸ்பேனர் பிடிக்கப் பழகி ஒரு மாதம் ஆவதற்குள் யாராவது வந்து உங்களிடம் கேட்டிருப்பார்கள்: எந்த வண்டி நல்லது? பைக்கா, த்ரீவீலா, சின்னக் காரா, வேனா? கேட்கிறவர் தேநீர் வாங்கித் தருவார், தோளில் கை போடுவார். நேற்றுவரை நம்மை ஏறிட்டுப் பார்க்காதவர் இன்றைக்கு "பாஸ்" என்பார். பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

நானும் இருபத்தெட்டு வருடம் பதில் சொன்னேன். அந்தப் பதில்களில் ஒன்றால் செல்வி என்ற பெண் செத்துப்போனாள். அவள் புருஷன் தியாகு பொய்யன் என்று பெயர் எடுத்தான். அவனுடைய ஒரே பிள்ளையை அவனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அவன் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நான் கராஜை விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேச வராதவன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைக்கு நூறு சீசீ பைக்கைப் போல நம்பிக்கையான வண்டி கிடையாது. சேற்றில் விழுந்தால் தூக்கி நிமிர்த்திக்கொள்ளலாம். பழுதானால் தள்ளிக்கொண்டு போகலாம். மண் சரிந்து பாதை அடைபட்டால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். ஆனால் அதில் நோயாளியை ஏற்ற முடியாது, மழைக்கு ஒதுங்க முடியாது. த்ரீவீல் நன்றாக உழைக்கும், சந்தோஷம் தராது. இரண்டு பக்கமும் சாரல் அடிக்கும், வளைவில் ஒரு டயர் தரையை விடப் பார்க்கும். சின்னக் காரில் உட்கார்ந்தால் மனிதனுக்கு ஒரு மதிப்பு வரும், மெத்தென்று இருக்கும். ஆனால் எங்கள் பாதையில் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் கல் ஒவ்வொன்றும் அதன் வயிற்றைத் தட்டிப் பார்க்கும். பழைய டீசல் வேன் அழகில்லாதது, சத்தம் போடும், கியர் மாற்றினால் தோள் வலிக்கும். ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்காது, எட்டுப் பேரை ஏற்றினாலும் முனகாது.

எதில் போகும்போது சந்தோஷம் என்று கேட்டால் என் பதில் பைக்தான். அதுவும் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் போகும் பைக்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மேல் தோட்டத்திலிருந்து குருவிட்ட டவுனுக்கு வரும் பாதை முழுவதும் இறக்கம். றப்பர் மரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி இறங்கும். அந்த நாட்களில் கராஜுக்கு வந்த எல்லாரிடமும் நான் சொன்னேன்: "இறங்கும்போது எதுக்கு எஞ்சின்? சாவியத் திருப்பி நியூட்ரல்ல விடுங்க. பைக்குக்கு பிரேக் உங்க கையிலயும் கால்லயும் இருக்கு. எஞ்சின் ஓடணும்னு அதுக்கு அவசியம் இல்ல." அது சரியான வார்த்தை. ஒரு கிழமைக்குக் கிடைக்கும் பெட்ரோலை ஒன்றரைக் கிழமைக்கு இழுக்கலாம். மேல் தோட்டத்துப் பைக்குகள் எல்லாம் காலையில் சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தன.

தியாகு அந்தத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தடவை தோட்டத்தில் ஒரு வண்டியைத் திருத்தி முடித்துவிட்டு அவன் பைக்கின் பின்னால் ஏறி வந்தேன். முதல் வளைவிலேயே சாவியைத் திருப்பினான். அதன்பிறகு காற்றுச் சத்தமும் சங்கிலி உரசும் சத்தமும்தான். எங்கோ தண்ணீர் விழுகிறது, குருவி கத்துகிறது, எல்லாம் கேட்கிறது. இத்தனை வருடம் வண்டிகளோடு வாழ்ந்த எனக்கு வண்டியில் போவது இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாது.

"எப்புடி பாஸ்? பறக்குறாப்புல இல்ல?" என்றான்.

"ரோட்டப் பாரு."

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. செல்விய ஏத்துனா கண்ண மூடிக்குவா. தர்ஷிதான் இன்னும் வேகமா போப்பானு கத்தும்."

பெட்ரோல் வரிசைகள் போய்விட்டன. அந்தப் பழக்கம் போகவில்லை. செருப்பைக் கழற்றுவது போல, இறக்கம் வந்தால் அவன் கை தானாகச் சாவிக்குப் போகும்.

தர்ஷி அவனுடைய மகள். பிறந்ததிலிருந்தே ஒரு கால் சரியில்லை, இரும்புப் பட்டி போட்டுத்தான் நடப்பாள். மாதம் ஒருமுறை இரத்தினபுரிக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டும். சின்னவளாக இருந்தவரை பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பதினொரு வயதில் அது முடியவில்லை. கால் நீட்டி உட்கார இடம் வேண்டும், மேலே கூரை வேண்டும். தியாகு பைக்கைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுக்க முடிவு செய்து, என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

மூன்று வண்டி பார்த்தோம். த்ரீவீலை நானே வேண்டாம் என்றேன். சின்னக் காரைப் பார்த்ததும் செல்விக்கு ஆசை. சிவப்புக் கார். கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள்.

"இதுல போனா ஆஸ்பத்திரில நர்சு எந்திரிச்சு நிப்பா," என்றாள்.

"ஆமா, வழியில நின்னுபோன கார இவ எறங்கித் தள்ளுவா, அதப் பாக்கவும் நிப்பாங்க," என்றான் தியாகு.

"பாஸ், நீங்க சொல்லுங்க. கார் நல்லதா, அந்தக் கிழட்டு வேன் நல்லதா?"

அவள் நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். "கார் சந்தோஷத்துக்கு. வேன் நம்பிக்கைக்கு. கண்ண மூடிட்டு வேன எடுங்க."

இதுவும் சரியான வார்த்தை. அந்த வேனை நான் ஒரு மணித்தியாலம் பார்த்தேன். அடியில் படுத்துப் பார்த்தேன், ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன், இறக்கத்தில் பிரேக் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பெடலைத் தொட்டால் போதும், நின்றது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டும் பெடலை மிதித்துப் பார்த்தேன். இரண்டு மிதி மெதுவாக இறங்கியது. மூன்றாவது மிதிக்குக் கல்லாகிவிட்டது. அது பழுது அல்ல. இந்த மாதிரி வேன்களில் எஞ்சின் ஓடும்போதுதான் பிரேக்குக்கு உதவிப் பலம் கிடைக்கும். அணைத்தால் மிச்சமிருக்கும் பலம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு முழு உடம்பையும் போட்டு மிதித்தாலும் சுமை ஏற்றிய வேன் இறக்கத்தில் இலேசில் நிற்காது. ஸ்டியரிங்கும் இறுகிவிடும். இது எல்லா மெக்கானிக்கும் அறிந்தது. அதனாலேயே இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இதைத் தியாகுவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. அவன் அப்போது வேன்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். பேச்சின் நடுவே புகுந்து பேச எனக்கு வராது. வண்டியை எடுக்கும் அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவன் வண்டியை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குத் தெரியாமல் நேரே தோட்டத்து அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டான். எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது வேனுக்கு மாலை போட்டாயிற்று. கண்ணாடியில் சந்தனப் பொட்டு, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். தொழிலாளர் லயத்து வீடுகளில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். தர்ஷி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். பூசாரி கற்பூரம் காட்டினார். தியாகு வேனை முன்னால் எடுத்தான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். பூசை போட்ட வண்டியைப் பற்றி அன்றைக்குக் கெட்ட வார்த்தை பேசக்கூடாது. விபத்து, பிரேக், பழுது என்று எதுவும் வாயில் வரக்கூடாது. வந்தால் சொன்னவன்தான் அதற்குக் காரணம் என்பார்கள்.

செல்வி என்னை எல்லாருக்கும் முன்னால் இழுத்துவிட்டாள். "இவருதான் வண்டி பாத்துக் குடுத்தாரு. பாஸ், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

அத்தனை கண்ணும் என் மேல். காது சுட்டது. நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. மனதில் இருந்தது வந்தது. "தியாகு, எறக்கத்துல போறப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ பாஸ்!" செல்வி சிரித்துக்கொண்டே கையை நீட்டி என் வாயை மறைப்பது போலக் காட்டினாள். "இன்னைக்குப் போயி எறக்கம் கிறக்கம்னுகிட்டு. நல்லா ஓடும்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் "நல்லா ஓடும்" என்றேன். கையில் பொங்கலும் வடையும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை கிளினிக் போய்விட்டு வரும்போது கராஜுக்குக் கொண்டுவா, எஞ்சின் ஒயில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கீழே இறங்கி வரும்போது மனம் ஒரு மாதிரி இருந்தது. கூட்டத்தைக் கண்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். தியாகுவை ஒரு ஓரமாகக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு நிமிடப் பேச்சு அது. சனி, ஞாயிறு என்று முழுதாக இரண்டு நாளும் இருந்தன.

திங்கட்கிழமை வேன் கராஜுக்கு வரவில்லை. செய்திதான் வந்தது.

கடைசி வளைவுக்கு முந்திய வளைவில், மதகின் கட்டுச்சுவரில் வேனின் இடதுபக்கம் மோதியிருந்தது. இடது முன் சீட்டில் செல்வி. தர்ஷி பின்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததால் கை மட்டும் முறிந்தது. தியாகுவுக்கு நெற்றியில் தையல். செல்வி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

சாவு வீட்டில் தியாகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "பிரேக் பிடிக்கல பாஸ். ரெண்டு தடவ பிடிச்சிச்சு. அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு. ஏறி நின்னு மிதிச்சேன் பாஸ்."

இரண்டு தடவை பிடித்தது, மூன்றாவது கல். அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவியைத் திருப்பியதை அவன் சொல்லவில்லை. மறைக்கவில்லை. மூச்சு விட்டேன் என்று யாராவது சொல்வார்களா? அது போலத்தான் அவனுக்கு அது. யாரும் கேட்கவும் இல்லை.

பரிசோதனைக்கு வந்த மோட்டார் அதிகாரி வேனை ஸ்டார்ட் செய்து பார்த்தார். முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் எஞ்சின் பிடித்தது. பெடலை மிதித்தார். கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் மிதித்தார். "பிரேக் ஹொந்தய்" என்றார் சிங்களத்தில். பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். பொலிஸில் என்னையும் கூப்பிட்டார்கள். "வாகனய பலுவே ஓயாத?" வண்டியைப் பார்த்தது நீதானா என்று கேட்டார் அங்கிருந்தவர். "ஓவ், சேர்," ஆமாம் என்றேன். வண்டியில் குறை ஏதும் இருந்ததா? இல்லை, சேர். அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் கூச்சமாக இருப்பது. ஊரில் என் பெயர் ஏறியது. பாஸ் பார்த்த வண்டியில் குறை இல்லை என்று அரசாங்க ரிப்போர்ட்டே வந்துவிட்டது என்றார்கள். முன்பைவிட அதிகமாக ஆட்கள் வண்டி பார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். பைக் நம்பிக்கை, வேன் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தியாகுவின் வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போனது. பிரேக் நன்றாக இருந்திருக்கிறது, அவன் பிடிக்கவில்லை என்கிறான், அப்படியானால் குடித்திருப்பான் அல்லது தூங்கியிருப்பான் என்று லயத்தில் பேசினார்கள். அவன் குடிக்காதவன் என்று தெரிந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

செல்வியின் அண்ணன் ரம்புக்கனைப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் கங்காணி. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் தர்ஷியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கச்சியைக் கொன்றுவிட்டு வண்டி மேல் பழி போடுகிற பொய்யனிடம் பிள்ளையை விடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தியாகு இரண்டு தடவை போய்ப் பார்த்தான். இரண்டு தடவையும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் மாதம் அவன் கராஜுக்கு வந்தான். நான் ஒரு கியர்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ஆள் பாதியாகிப்போயிருந்தான்.

"பாஸ், ஒரு உதவி. மச்சான் ஊட்டுக்கு என்கூட வரணும்."

"நான் வந்து என்னா செய்ய?"

"வேன்ல பிரேக் சரியில்லாமத்தான் இருந்துச்சு, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா மச்சான் நம்புவாரு. உங்க பேரு கெடும், தெரியும் பாஸ். ஆனா எம் புள்ள எங்கிட்ட வரும்."

பொய் சொல்லச் சொல்லித்தான் கேட்டான். ஆனால் அவன் வரையில் அது பொய் அல்ல. பிரேக் பிடிக்கவில்லை என்பதை அவன் தன் காலால் அறிந்தவன். நான் அவனைப் பார்க்காமல் கியர்பெட்டியைப் பார்த்துக்கொண்டு "ஞாயித்துக்கிழம போவோம்" என்றேன்.

தம்பிமாரே, அந்த ஞாயிறு வரை நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். என் முன்னால் மூன்று வழி இருந்தது. போகாமல் இருக்கலாம். போய், அவன் கேட்டபடி பிரேக் கெட்டிருந்தது என்று பொய் சொல்லலாம். என் பெயர் போகும், கராஜ் போகும். ஆனால் பிள்ளை வரும், அவனுக்கு எதுவும் தெரியவராது. மூன்றாவது, உண்மையைச் சொல்லலாம். அவன் பொய்யன் இல்லை என்று ஆகும். ஆனால் சாவியைத் திருப்பிய தன் கைதான் பெண்சாதியைக் கொன்றது என்று அவன் தெரிந்துகொள்வான். எந்தக் கணக்குப் போட்டாலும் பொய்தான் நல்லது. பஸ்ஸில் ஏறும்போது பொய் சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன். வழியெல்லாம் அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். பிரேக் சரியில்லை, நான் கவனிக்கவில்லை. பிரேக் சரியில்லை, நான் கவனிக்கவில்லை.

செல்வியின் அண்ணன் எங்களை வாசலில் நிறுத்தவில்லை. என்னைக் கண்டதால் உள்ளே கூப்பிட்டார். கட்டிலில் உட்காரச் சொன்னார். தியாகு கதவோரம் நின்றான். உள் அறைக்குப் போகும் வாசலில் ஒரு சேலைத் திரை தொங்கியது. அதற்கு அடியில் இரும்புப் பட்டி போட்ட கால் தெரிந்தது.

"உங்களப் பத்தி கேள்விப்பட்டிருக்கேன் பாஸ். நீங்க போயி இவருகூட வந்ததுதான் ஆச்சரியம்," என்றார். "ரிப்போர்ட்டுல பிரேக் நல்லா இருந்துச்சுனு எழுதியிருக்கான். இவரு பிடிக்கலங்குறாரு. பிரேக்குக்கு இவரு மேல ஏதும் கோவமா?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் வேனப் பாத்தது. சொல்லுங்க. பிரேக் கெட்டுப்போன வேன நல்லதுனு சொன்னீங்களா?"

ஆம் என்று ஒரு வார்த்தை. பழகிக்கொண்டு போன வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க," என்றேன். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

தியாகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். எஞ்சின் அணைந்தால் அந்த வேனில் பிரேக் இரண்டு மிதிக்குத்தான் பிடிக்கும் என்று சொன்னேன். இறக்கத்தில் சாவியைத் திருப்பும் பழக்கத்தைப் பைக்கில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான் என்று சொன்னேன். வேனில் அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லாமல் தள்ளிப்போட்டதும், பூசையன்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியதும், பொலிஸில் வாய் திறக்காததும் எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான். "பிரேக் பிடிக்கலனு அவன் சொன்னது நெசம். அவன் பொய் சொல்லல," என்று முடித்தேன்.

ஏன் பொய் சொல்லவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். உண்மை மேல் உள்ள பற்று என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது இல்லை. நான் ஒரு மணித்தியாலம் மண்ணில் படுத்துப் பார்த்த வேன் அது. அதன் பிரேக் கெட்டிருந்தது என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. செல்வி செத்த பிறகும், தியாகு அந்த நிலையில் நின்றபோதும், என் வேலையில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கர்வம் வரும். நல்ல மெக்கானிக்குக்கு அது கட்டாயம் வரும். அது வந்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

 நான் சொல்லி முடித்ததும் தியாகு கேட்டான். குரல் என்னிடம் வந்தது, முகம் வரவில்லை.

"சாவியத் திருப்பாம இருந்திருந்தா?"

"பிடிச்சிருக்கும்," என்றேன்.

"மூணாவது மிதியில மறுபடி ஸ்டார்ட் பண்ணியிருந்தா?"

"கியர்ல போட்டு க்ளச்ச விட்டிருந்தா எஞ்சின் பிடிச்சிருக்கும். பிரேக்கும் வந்திருக்கும்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அந்த இரண்டாவது பதிலையாவது நான் விழுங்கியிருக்கலாம். பேசவேண்டிய இடத்தில் பேசாதவன் அன்றைக்குப் பேசவேண்டாத இடத்திலும் பேசினேன்.

 அண்ணன் தங்கச்சி பெயரை ஒரு தடவை சொன்னார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "அம்மாடி, உடுப்பெல்லாம் பையில எடுத்து வை. அப்பாகூட போ," என்றார். எழுந்து வந்து தியாகுவின் தோளில் கை வைத்தார். "மன்னிச்சுக்கங்க மச்சான். குடிச்சிருப்பீங்கனு நெனச்சேன்." தியாகு தலையை ஆட்டினான். குடித்திருந்தான் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அன்றைக்குத்தான் நான் தொழிலை மனதால் விட்டேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். எந்த வண்டி நல்லது என்று கேட்டு வருகிறவரிடம் உடனே பதில் சொல்லாதீர்கள். இத்தனை நாள் ஓட்டிய வண்டியில் அவரை உட்காரவைத்து, நீங்கள் பின்னால் ஏறி, அவர் வீட்டுப் பாதையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அவர் கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பாருங்கள். தியாகுவின் பைக்கில் நான் அப்படிப் போனேன். போய், சந்தோஷப்பட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அப்புறம், ஒருவரிடம் சொல்ல வேண்டியது தொண்டையில் நிற்கிறதா, பூசை நடக்கட்டும், கல்யாணமே நடக்கட்டும், சொல்லிவிடுங்கள். உங்களைத் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஊர் திரும்பும் வழியில் கேகாலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவிசாவளை பஸ்ஸுக்காக நின்றோம்.  ரம்புக்கனையிலிருந்து அதுவரை தர்ஷிதான் பேசிக்கொண்டு வந்தாள். மாமா வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பதைச் சொன்னாள். திரைக்குப் பின்னால் நின்று எவ்வளவு கேட்டாள், என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நடக்கும்போது அப்பாவின் வலது கையைப் பிடிக்கப் போனாள். சாவியைத் திருப்பிய கை அது. அவன் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையைக் கொடுத்தான்.

பஸ் வந்தது. கூட்டம் அதிகமில்லை, சீட்டுகள் இருந்தன. தியாகு முதலில் தர்ஷியைத் தூக்கிப் படியில் ஏற்றினான். அவள் உள்ளே போய் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தையும் எதிரே ஒரு இடத்தையும் கையால் தட்டிக் காட்டினாள். எதிரே இருந்தது எனக்கு. அவன் ஏறினான். நானும் படியில் கால் வைத்தேன்.

தியாகு திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னான்.

"பாஸ், நீங்க அடுத்த பஸ்ல வாங்க."

நான் காலைக் கீழே எடுத்தேன்.